கோணிக் கூடிய மணிக்கட்டு

கால் வழுக்கியதும் முதலில் நீளுவது கைதான். ஐப்பசி மழையில் பாசி பிடித்த வாசல், மாட்டுக் கொட்டகையின் ஈரத் தரை, குளியலறைப் படி என்று இடம் எதுவானாலும், உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. முப்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் அது சுளுக்கோடு போய்விடும். அறுபதைத் தாண்டியவருக்கு, அதிலும் மாதவிடாய் நின்று பல ஆண்டுகளாகி எலும்பு மெலிந்துபோன பெண்ணுக்கு, முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சுமார் ஓரங்குலம் மேலே ஒடிந்துவிடுகிறது. ஒடிந்த நுனி புறங்கைப் பக்கமாகச் சாய்ந்து, சற்றே உள்ளே அமுங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் கை, கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல வளைந்து தெரியும். முதியவர்களுக்கு ஏற்படும் முறிவுகளில் மிகவும் சகஜமானவற்றில் இதுவும் ஒன்று.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இப்படிக் கை ஒடிந்தவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது அரசு மருத்துவமனை. திண்டிவனத்தில் ஒன்று இருக்கிறது. இரு ஊர்களுக்கும் இடையே, விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர். இரண்டாவது வழி தனியார் மருத்துவமனை. எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும், பிளேட் வைத்துவிட்டால் நேராகிவிடும் என்ற பேச்சு அங்கே சீக்கிரம் வந்துவிடுகிறது. மூன்றாவது புத்தூர் கட்டு. ஆந்திரத்துப் புத்தூரில் ராஜு குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்துவரும் எலும்பு வைத்தியத்தின் பெயரைத் தாங்கிய பலகைகள் வட தமிழ்நாட்டு ஊர்களில் சாதாரணமாகக் கண்ணில் படுபவை. இந்த மூன்றில் எது சரி என்பதற்கு, கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் ஓரளவு தெளிவான பதிலைத் தந்திருக்கின்றன. பெரும்பாலான முதியவர்களின் மணிக்கட்டு முறிவுக்குக் கத்தி தேவையில்லை. மாவுக்கட்டே முதல் சிகிச்சை. ஆனால் அந்த மாவுக்கட்டு, போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற காரியமாக இருந்தால் இந்தப் பதில் பொய்த்துப்போகும். ஆறு வாரமும் அதற்குப் பின்னும் கூடவே இருந்து கவனிக்கிற வைத்தியமாக இருந்தால்தான் அது செல்லுபடியாகும்.

இந்த முறிவுக்குப் பெயர் கொடுத்தவர் ஏப்ரகாம் காலிஸ். அயர்லாந்தின் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர். அவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1814இல். ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிக்க இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. அதனால் காலிஸ் எலும்பைக் கண்ணால் பார்த்து எழுதவில்லை, விரலால் தடவி அறிந்ததை எழுதினார். அன்று மூட்டு பிசகிவிட்டது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காயம் உண்மையில் எலும்பு முறிவு என்று காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. அதே கட்டுரையில் இன்னொன்றையும் பதிவு செய்தார். சரியாகப் பொருத்தாமல் விட்டால் கையின் கோணல் வாழ்நாள் முழுவதும் நிற்கும், ஆனாலும் காலம் போகப் போக வலி நீங்கி அசைவு திரும்பிவிடும் என்பது அவருடைய கணிப்பு. எல்லாருக்கும் அப்படித் திரும்புவதில்லை என்பதால் அதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் கோணலும் பயன்பாடும் வேறு வேறு என்ற அவதானிப்பு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் இந்த விவாதத்தின் மையத்தில் நிற்கிறது.

பொருத்தாமல் விட்டாலும் எலும்பு கூடிவிடுவது ஏன் என்பதற்கு அதன் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. ஆரை எலும்பின் நடுத்தண்டு கெட்டியானது, அங்கே இரத்த ஓட்டம் குறைவு. மணிக்கட்டை ஒட்டிய நுனி அப்படியல்ல. மெல்லிய ஓட்டுக்குள் சல்லடை போன்ற எலும்பு நிறைந்து, இரத்தம் தாராளமாகப் பாயும் இடம் அது. எலும்பை மெலியவைக்கும் எலும்புப்புரை முதலில் அரிப்பதும் இந்தச் சல்லடையைத்தான், ஒடிந்தால் வேகமாகக் கூடுவதும் இதுதான். ஆறு வாரத்தில் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் எலும்பு கூடாமலே போவது அபூர்வம். ஆகவே எலும்பு கூடுமா என்ற கேள்விக்கு இங்கே அவசியமில்லை. எந்தக் கோணத்தில் கூடும், அந்தக் கோணம் கைக்கு என்ன செய்யும் என்பவைதான் விவாதத்துக்குரியவை.

எக்ஸ்-ரே வந்த பிறகு கோணத்தை அளக்க முடிந்தது. இயல்பான மணிக்கட்டில் ஆரை எலும்பின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கும். முறிவில் அது எதிர்ப்பக்கம், புறங்கை நோக்கி, 20 பாகை, 30 பாகைகூடச் சாயும். இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டால் அப்போதைக்கு நேராகும். ஆனால் முதியவர்களின் எலும்பில் உட்பக்கம் நொறுங்கி வெற்றிடம் விட்டிருப்பதால், கட்டுக்குள்ளேயே மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குச் சரிந்துவிடுவது வழக்கம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தளர்ந்த முதியவர்களின் 60 மணிக்கட்டுகளை இழுத்துப் பொருத்தியதில் 53 கோணலாகவே கூடின. இதை ஏற்க மனமில்லாத அறுவை மருத்துவர்களுக்கு, 2000ஐ ஒட்டிப் பரவிய புதுவகை பிளேட் பெரிய வரமாகத் தெரிந்தது. உள்ளங்கைப் பக்கம் கீறி, டைட்டானியம் தகடு ஒன்றை எலும்போடு ஒட்டவைத்து, தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூக்களால் இறுக்கினால், மெலிந்த எலும்பும் நேராக நிற்கும். எக்ஸ்-ரே படம் பார்க்க அழகாக இருக்கும். படம் நேரானால் கையும் நன்றாகும் என்று எல்லாரும் நம்பியதில் வியப்பில்லை.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்தது வேறு. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 65 வயதைத் தாண்டிய 73 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிளேட்டும் மறு பிரிவுக்கு மாவுக்கட்டும் போட்டு 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பிளேட் வைத்தவர்களின் எக்ஸ்-ரே தெளிவாக மேலானது. பிடிமான வலுவும் அவர்களுக்குக் கூடுதல். ஆனால் ஓராண்டு முடிவில் வலியிலும் அன்றாட வேலை செய்யும் திறனிலும் மணிக்கட்டின் அசைவிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. சிக்கல்கள் பிளேட் பிரிவில்தான் அதிகம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 60 வயதைக் கடந்த 166 பேரிடம் நடந்த கிராஸ்ஃபயர் ஆய்வு 2021இல் வந்தது. மணிக்கட்டுத் தொல்லையை 0 முதல் 100 வரை அளக்கும் கேள்வித்தாளில், ஓராண்டு கழித்து பிளேட் பிரிவின் சராசரி 19.8, மாவுக்கட்டுப் பிரிவின் சராசரி 21.5. இந்த அளவுகோலில் பத்துப் பன்னிரண்டு புள்ளியாவது வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்கு உணரும்படி இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இரண்டு புள்ளியை எந்தக் கையும் உணராது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூரில் 24 மையங்களில் நடந்த ரிஸ்ட் ஆய்வும் ஈராண்டு முடிவில் இதையே சொன்னது. இத்தகைய ஆய்வுகளை எடைபோட்ட அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவை நீண்ட காலத்தில் கூடுதல் பலன் தருவதில்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது என்று தன் வழிகாட்டுதலில் எழுதியது. அறுவை செய்து சம்பாதிக்கும் தொழிலின் சொந்தக் கழகமே இதை எழுதியிருப்பதற்குத் தனி எடை உண்டு.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை, அதை மறைப்பது நேர்மையாகாது. ஸ்டாக்ஹோமில் 70 வயதைத் தாண்டிய 140 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், அதே கேள்வித்தாளில் ஓராண்டு முடிவில் பிளேட் பிரிவுக்கு 7.5, மாவுக்கட்டுப் பிரிவுக்கு 17.5. உணரத்தக்க எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் வித்தியாசம் அது. மூன்றாம் மாதத்திலோ இடைவெளி மிகப் பெரியது. ரிஸ்ட் ஆய்விலும் ஆறாவது வாரத்தில் பிளேட் வைத்தவர்கள் முந்தியிருந்தார்கள். கிராஸ்ஃபயரிலும் தங்கள் சிகிச்சை வெற்றி என்று சொன்னவர்கள் பிளேட் பிரிவில் அதிகம். பிரிட்டனில் 36 மருத்துவமனைகளில் 500 பேரிடம் நடந்த ட்ராஃப்ட்-2 ஆய்வில், பொருத்திய பின் மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு, எலும்பு சரிந்ததால் ஆறு வாரத்துக்குள் அறுவை செய்ய நேர்ந்தது. ஆக, பிளேட் கையைச் சில வாரங்கள் முன்னதாகவே திருப்பித் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தனியாக வாழ்ந்து, தானே சமைத்து, நடக்கக் கைத்தடி பிடிக்க வேண்டிய ஒருவருக்கு அந்தச் சில வாரங்கள் சிறிய விஷயமல்ல. ஆனால் அதற்கு ஈடாக மயக்க மருந்தின் ஆபத்து, கிருமித் தொற்று, ஸ்க்ரூ உரசித் தசைநாண் அறுந்துபோகும் சாத்தியம், பிளேட்டை வெளியே எடுக்க இன்னோர் அறுவை ஆகியவை தராசின் மறுதட்டில் இருக்கின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தட்டு கனமானது.

இதைவிட ஆழமான ஓர் ஆட்சேபம் உண்டு. இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் யார்? சிட்னியிலும் இன்ஸ்ப்ரூக்கிலும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள். விழுப்புரம் மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிராமத்தில் வாழ்ந்தார்கள். அறுபத்தைந்து வயதிலும் நாற்று நடுகிற, களை பறிக்கிற, மல்லாட்டை ஆய்கிற, நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிற பெண்கள் வாழும் மாவட்டம் இது. அந்தக் கேள்வித்தாள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: கதவுக் குமிழைத் திருக முடிகிறதா, கத்தியால் இறைச்சி வெட்ட முடிகிறதா, நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழ முடிகிறதா, கழிப்பறைக் காகிதம் பயன்படுத்த முடிகிறதா. இங்கே கேட்க வேண்டியவை வேறு. சோற்றைப் பிசைந்து கவளமாக வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா? ஈரப் புடவையை முறுக்கிப் பிழிய முடிகிறதா? அடிபம்பை அடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா? இடது கை ஒடிந்தவரால் கால் கழுவிக்கொள்ள முடிகிறதா? வெட்கத்தால் யாரும் வெளியே சொல்லாத இந்தக் கடைசிக் கேள்விதான் பல பெண்களுக்கு முதல் கவலை.

இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இன்ஸ்ப்ரூக்கில் பிளேட்டுக்குக் கிடைத்த கூடுதல் பிடிமான வலு, அரிவாள் பிடிக்கும் கைக்கு முக்கியமானது. உடம்பு திடமாக, தினமும் வயலில் இறங்குகிற அறுபத்திரண்டு வயதுக்காரரை, வயதை மட்டும் பார்த்து மாவுக்கட்டுப் பக்கம் ஒதுக்கக் கூடாது. ஆனால் கேள்விகளை மாற்றினால் விடை தலைகீழாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. புறங்கைப் பக்கம் சாய்ந்து கூடிய மணிக்கட்டு, பின்னால் மடங்குவதைப் பெரும்பாலும் இழப்பதில்லை. தரையில் உள்ளங்கையை ஊன்றி எழ அதுதான் தேவை. அது இழப்பது உள்பக்கம் மடங்குவதில் ஒரு பங்கை. எலும்பு மிகவும் குட்டையாகிவிட்டால் முன்கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே காட்டுவதும் குறையும், சுண்டுவிரல் பக்கம் வலியும் வரும். கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்கும் கழுவிக்கொள்வதற்கும் இந்த இரண்டு அசைவுகளும் வேண்டும். கோணல் மிதமாக இருந்தால் முழங்கையும் தோளும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். அளவுக்கு மீறினால் ஈடுகட்டாது. எனவே நம் ஊர் மருத்துவர் எக்ஸ்-ரேயில் பார்க்க வேண்டியது, எலும்பு எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்பதை. நோயாளியிடம் கேட்க வேண்டியது, எந்தக் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை. இந்த உரையாடல் இரண்டு நிமிடம்கூட எடுக்காது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

அறுவை வேண்டாமென்றால் புத்தூர் கட்டே போதுமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. மூங்கில் தப்பை, துணி, பச்சிலை, முட்டையின் வெள்ளைக் கரு ஆகியவற்றால் போடும் அந்தக் கட்டுக்குள்ளும் எலும்பு கூடுகிறது. கூடத்தான் செய்யும், ஏனென்றால் இந்த எலும்பு எப்படியும் கூடும் எலும்பு. வைத்தியரின் புகழில் பெரும்பங்கு எலும்பின் இயல்புக்குச் சேர வேண்டியது. மக்கள் அங்கே போவதை அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. செலவு குறைவு, கத்தி கிடையாது, காத்திருப்பு கிடையாது, தொட்டுப் பார்த்துப் பேசுகிற ஓர் ஆள் இருக்கிறார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முறிந்த கை முதல் மூன்று நாள் வீங்கும். சுற்றிலும் இறுக்கிய கட்டு அந்த வீக்கத்துக்கு இடம் தராவிட்டால், தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் புகாது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும், விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881இலேயே இதை விவரித்தார். இறுக்கிய கட்டால் கை அழுகி, வெட்டி எடுக்க நேர்ந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சரியாகப் போடாத மாவுக்கட்டும் இதே கேட்டைச் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வித்தியாசம் பொருளில் இல்லை. எக்ஸ்-ரே பார்த்துத்தான் கட்டினார்களா, நரம்பைச் சோதித்தார்களா, மறுநாள் யாராவது விரலைப் பார்த்தார்களா, நிலைமை மோசமானால் இரவிலும் கட்டைப் பிளக்க ஆள் உண்டா என்பவற்றில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நல்ல மாவுக்கட்டு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முதலில் ஒடிந்த கையின் வளையலும் மோதிரமும் கழற்றப்பட வேண்டும். சோப்பு நுரைக்கும் இறங்காத வளையலை வெட்டத்தான் வேண்டும், வீக்கம் ஏறிய பிறகு தங்கம் பார்த்தால் விரல் போய்விடும். முறிந்த இடத்தில் தேங்கியிருக்கும் இரத்தத்துக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, ஒருவர் விரல்களைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் முழங்கையில் எதிர்ப்பிடி கொடுக்க, மருத்துவர் கட்டைவிரலால் ஒடிந்த நுனியை அழுத்திப் பொருத்துகிறார். முழு மயக்கம் தேவையில்லை. முதல் சில நாள் சுற்றிலும் மூடாத அரைக்கட்டுத்தான் சரி. வீக்கம் வடிந்த பிறகே முழுக்கட்டு. கட்டு உள்ளங்கையின் நடுரேகையோடு நின்றுவிட வேண்டும். விரல் கணுக்கள் முழுதாக மடங்க வேண்டும், முழங்கை வெளியே இருக்க வேண்டும். மணிக்கட்டை அளவுக்கு மீறி உள்பக்கம் வளைத்துக் கட்டுகிற பழைய முறை நடு நரம்பை நசுக்கும் என்பதால் கைவிடப்பட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் முடிந்ததும் மறுபடி எக்ஸ்-ரே. சரிந்திருந்தால், மறுபடி பொருத்துவதா, அறுவையா, அப்படியே விடுவதா என்று அப்போது முடிவெடுக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் எலும்பு இறுகிவிடும். வலி இல்லையே என்று இந்த எக்ஸ்-ரேக்கு வராமல் போவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. எலும்பு சரிவதற்கு வலிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

யாருக்கு அறுவை கட்டாயம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்கள், உள்ளங்கைப் பக்கமாக மூட்டு நழுவிய முறிவு உள்ளவர்கள், விரல் மரத்துப்போவது ஏறிக்கொண்டே போகிறவர்கள், மூட்டுப் பரப்பு அகலமாகப் பிளந்தவர்கள். இவர்களைத் தாமதிக்காமல் முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்ப வேண்டும்.

கட்டை அவிழ்த்ததும் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணம் மாவுக்கட்டுக்கு வந்த கெட்ட பெயருக்கு ஒரு முக்கியக் காரணம். ஆறு வாரம் தூளியில் அசையாமல் கிடந்த கையில் விரல் விறைத்திருக்கும், தோள் இறுகியிருக்கும். கட்டு இருக்கும்போதே தினமும் பலமுறை விரலை முழுதாக மூடித் திறந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதும் குறையும். மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் இருமுறை பிசியோதெரபிக்குப் பேருந்து ஏறி வா என்று ஒரு மூதாட்டியிடம் சொல்வது நடக்காத காரியம். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு மட்டுமானது என்று நினைத்துவிடாமல், கை ஒடிந்தவரின் குடும்பமும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாகப் படுக்கையில் சேர்ந்து செய்யும் அறுவைக்கே கைகொடுப்பதால், புறநோயாளியாக வந்துபோகும் இந்தச் சிகிச்சையைப் பேணும் பொறுப்பு அரசு மருத்துவமனையின் மீதுதான் விழுகிறது.

கடைசியாக, மணிக்கட்டு ஒடிந்ததே ஓர் அறிவிப்பு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு ஒடிகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். இப்படி ஒருமுறை ஒடிந்தவருக்குப் பின்னால் இடுப்பு ஒடியும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போதும். இடுப்பு முறிவுக்கு அது உதவாது. அறுவை செய்தும் பலர் பழையபடி நடப்பதில்லை. எலும்பு மெலிவைத் தடுக்கும் மாத்திரைகள் விலை குறைந்தவை, வாரம் ஒன்று விழுங்கினால் போதும் என்ற வகைகளும் உண்டு. கால்சியம், வைட்டமின் டி, மறுபடி விழாமலிருக்கக் கண்புரைப் பரிசோதனை, தலைசுற்ற வைக்கும் மாத்திரைகளைச் சரிபார்ப்பது எல்லாம் இதோடு சேர்ந்தவை. இவை பெரும்பாலும் நடக்காமல் போவதற்குக் காரணம், கட்டுப் போட்டவர் எலும்பைச் சேர்த்ததோடு தன் வேலை முடிந்ததென்று நினைப்பதும், நோயாளிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாததும்தான். ஆகையால் உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ ஆயாவுக்கோ மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தால், கட்டு அவிழ்க்கும் நாளில் கூடவே போங்கள். எலும்பு மெலிவுக்கு என்ன மருந்து தரப் போகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.